புதையல் பெட்டியை இழுக்காதவள்

என் அண்ணன் எடுத்த சாகசப் படத்தை நாவலாக எழுதித் தர நான் ஒத்துக்கொண்டதற்கு எழுத்து ஆசை காரணமில்லை. சொல்லப்போனால் அந்தப் படமே எனக்குப் பிடிக்காது. அண்ணன் பெண்டாட்டி, எங்கள் மதினி, திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான். படப்பிடிப்பு முடிந்த மறுநாள் காலையில், "அம்மாவப் பாத்துட்டு ரெண்டு நாள்ல வாரேன்" என்று அச்சங்குளத்துக்குப் பஸ் ஏறியவள் வருசக்கணக்கில் அங்கேயே இருந்துவிட்டாள். அண்ணனும் போய்க் கூப்பிடவில்லை. விருதுநகரில் மாடி வீட்டில் தனியாக இருந்துகொண்டு, மூன்று வேளையும் பார்சல் சாப்பாடு சாப்பிட்டு, போனில் சென்னைக்காரர்களோடு கதை பேசிக்கொண்டிருந்தான். இரண்டு தெரு தள்ளி இருக்கிற எனக்குத்தான் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

எனக்கு வேலை சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில். டைப் செய்வது, பிழை பார்ப்பது. தினசரி காலண்டரின் பின்பக்கத்தில் வரும் மனையடி சாஸ்திரம், பல்லி விழும் பலன், வீட்டு வைத்தியம் எல்லாம் என் கைபட்டுத்தான் ஊருக்குள் போகின்றன. நடுவில் இரண்டு மூன்று குடும்ப நாவல்களும் எழுதியிருக்கிறேன். மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வைப்பது, கடைசிப் பக்கத்தில் சேர்த்து வைப்பது எனக்குக் கைவந்த கலை. ஆனால் குகை, புதையல், பாறை உருண்டு வருவது, இதெல்லாம் நமக்கு ஆகாத சங்கதி. எழுதுவதற்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அண்ணனிடம் கேட்டேன்.

"ஒனக்குத்தான் பாப்பா எங்கதை முழுசாத் தெரியும்" என்றான். நாற்பது வயது தாண்டியும் அவனுக்கு நான் பாப்பாதான்.

கதை பெரிய கதையொன்றும் இல்லை. பழைய பாளையக்காரர் ஒருவர் மலைக்குகையில் ஒளித்துவைத்த புதையலைத் தேடி ஐந்து நண்பர்கள் போகிறார்கள். உள்ளூர்ப் பெண் ஒருத்தி வழிகாட்டுகிறாள். குகை இடிந்து விழும்போது அவள் புதையல் பெட்டியை வெளியே இழுத்து வருகிறாள். கதாநாயகன் எல்லாரையும் காப்பாற்றுகிறான். வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் வற்றிக் கிடந்த மாதங்களில், அதன் படுகையிலும் பக்கத்துப் பாறைகளிலும் எடுத்தார்கள். வழிகாட்டும் பெண்ணாக நடிக்கச் சென்னையிலிருந்து வந்த நடிகை எங்கள் ஊர் வெயிலை ஒரு பகல் பார்த்தார், அன்று சாயங்காலமே ரயில் ஏறிவிட்டார். வேறு வழியில்லாமல் அண்ணன் தன் பெண்டாட்டியையே நடிக்க வைத்தான். மதினி கல்யாணத்துக்கு முன்பிருந்தே பட்டாசு செய்கிற வெடிக் கம்பெனிக்குப் போகிறவள். பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிற வேலை. லீவு சொல்லிவிட்டு வந்து நடித்தாள்.

படம் விருதுநகரில் ஒரு தியேட்டரில் சில நாள் ஓடியது. ஓடியது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். சொந்தக்காரர்கள் ஒரு ரவுண்டு பார்த்து முடித்ததும் தூக்கிவிட்டார்கள். பிறகு அண்ணன் அதை ஓடிடிக்குத் தள்ளிவிட அலையாய் அலைந்தான். கடைசியில் சென்னையில் யாரோ ஒருவர், க்ளைமாக்ஸ் சப்பென்று இருக்கிறது, கதையை முதலில் நாவலாகக் கொண்டு வாருங்கள், புத்தகம் பேசப்பட்டால் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆளைக் கழற்றிவிடச் சொன்ன பதில் என்று எனக்குப் பட்டது. அண்ணன் அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டான். நானும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். புத்தகம் எழுத வேண்டுமானால் நடந்ததையெல்லாம் அவன் திரும்பிப் பார்த்துத்தான் ஆகவேண்டும். அப்படிப் பார்க்கும்போது மதினிக்கு என்ன செய்தானோ, அதுவும் கண்ணில் படாமலா போய்விடும்?

எங்கள் அச்சக முதலாளி நல்ல மனுசன். "ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருசக் காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டுட்டா அப்பறம் மூச்சு விட நேரமிருக்காதும்மா. அதுக்கு முன்னாடி மெஷின் சும்மாதான் நிக்கிது, அடிச்சுக்க" என்றார். பங்குனியில் எழுத ஆரம்பித்தேன்.

லேப்டாப்பில் படத்தை ஓடவிட்டு, நிறுத்தி, எழுதி, மறுபடி ஓடவிட்டு. படத்தைப் பார்த்து நாவல் எழுதுவது சுலபம் என்று யாராவது சொன்னால் அவர்களை என்னிடம் அனுப்புங்கள். கதாநாயகன் பாறை உச்சியிலிருந்து குதிக்கிறான். ஸ்லோமோஷன். தலைமுடி பறக்கிறது, சட்டை பறக்கிறது, பின்னணியில் மேளம் அடிக்கிறார்கள். எழுதினால் 'குதித்தான்' என்று ஒரே வார்த்தையில் தீர்ந்துவிடுகிறது.

"அத ஒரு பக்கத்துக்கு எழுது பாப்பா" என்றான் அண்ணன்.

"ஒரு பக்கத்துக்கு அந்தரத்துல நின்னுக்கிட்டு என்னத்த நெனப்பான்?"

"கெத்தா எதாவது நெனப்பான். போட்டு விடு."

இந்த லட்சணத்தில் குகைக் காட்சிவரை வந்து சேர்ந்தேன். பெண் பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறாள். முதுகுப்பக்கமிருந்து எடுத்திருந்தார்கள். முகம் தெரியவில்லை. நிறுத்திப் பார்த்தேன். மதினியின் சேலைதான். ஆனால் சேலைக்குக் கீழே தெரிந்த கணுக்காலில் கருகருவென்று முடி. யூனிட்டில் இருந்த ஆம்பளை ஒருவனுக்குச் சேலை கட்டிவிட்டு எடுத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணனுக்கு உடனே போன் போட்டு இது என்ன கூத்து என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. "ஒம் மதினிக்கு அது வரல. விடு" என்று வைத்துவிட்டான்.

எடுத்ததையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு எனக்குக் கொடுத்திருந்தான். தேவைப்பட்டால் பார்த்துக்கொள் என்று. படத்தில் சேர்க்காமல் தள்ளிய துண்டுகளும் அதில் இருந்தன. அன்றைக்கு அவற்றைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

மதினி குகை வாசலில் நிற்கிறாள். அண்ணனின் குரல் மட்டும் கேட்கிறது. ஆக்‌ஷன் என்கிறான். அவள் குனிகிறாள். பெட்டியின் வளையத்தைப் பிடித்து இழுக்காமல், அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறாள். மெதுவாக நடந்து வந்து, முழங்கால் போட்டு, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் தரையில் இறக்கி வைக்கிறாள். கட் என்று கத்துகிறான். மறுபடியும். மறுபடியும் தூக்குகிறாள். நிஜம்போல் தெரிய வேண்டும் என்று பெட்டிக்குள் கல்லை நிரப்பியிருந்தார்கள். அதையும் சேர்த்துத்தான் தூக்குகிறாள். அண்ணனின் குரல் ஏறிக்கொண்டே போகிறது. "இழு! இழுன்னா இழு! ஒரு பெட்டிய இழுக்கத் தெரியாதா ஒனக்கு? கொகை இடியுது, நீ என்னமோ சாமி தூக்கிட்டு வார மாதிரி வார!" சுற்றியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். கடைசித் துண்டில் அவள் வளையத்தைப் பிடிக்கிறாள். ஒரு சாண் இழுக்கிறாள். பெட்டி பாறையில் உரசி ஒரு சத்தம் வருகிறது. அவள் கை தானாக விட்டுவிடுகிறது. விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய், சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறாள். அப்போது அண்ணன் சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுத விரும்பவில்லை. அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டியைச் சொல்கிற வார்த்தை இல்லை அது.

லேப்டாப்பை மூடிவிட்டேன். கோபத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் வெடிக் கம்பெனிக்குப் போகிற யாரும் பெட்டியை இழுக்க மாட்டார்கள். இழுத்தால் உரசும். உரசினால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே போர்மேன் சொல்லிவிடுவார், அதன்பிறகு யாரும் சொல்லத் தேவையில்லை, உடம்பில் ஏறிவிடும். வீட்டிலும் அப்படித்தான். மதினி கல்யாணமாகி வந்த புதிதில் நான் பிளாஸ்டிக் நாற்காலியைத் தரையில் தரதரவென்று இழுத்துப் போடுவேன். ஒன்றும் சொல்ல மாட்டாள். எழுந்து வந்து நாற்காலியைத் தூக்கிவைத்துவிட்டுப் போவாள். இது அண்ணனுக்குத் தெரியாததா? எங்கள் அம்மாவும் வெடிக் கம்பெனிக்குப் போய்த்தான் எங்களை வளர்த்தாள். அரிசி மூட்டையைக்கூட அவள் இழுத்து நான் பார்த்ததில்லை. அவனும் பார்த்ததில்லை. சினிமா என்று வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை அச்சங்குளம் போனேன். மதினி அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். எம்புட்டு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் மருந்தில் சேர்க்கிற வெள்ளிப்பொடி இருக்கும், அன்றும் இருந்தது. கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்தாள். படத்தை நாவலாக எழுதுகிறேன் என்றேன்.

"அவுக எழுதச் சொன்னாகளா?"

"ஆமா."

"நான் வாரது இருக்கா அதுல?"

"நீங்க இல்லாம எப்படி மதினி? அந்தப் பெட்டி சீன் எடுத்தத நான் பாத்தேன். முழுசா."

கொஞ்ச நேரம் முடியை உதறிக்கொண்டிருந்தாள். "எனக்கே தெரியல தாயி. இழுக்கணும்னுதான் குனிவேன். கை தூக்கிரும். கல்லுதான் உள்ள கெடக்குன்னு தெரியாமலா இருக்கு? நானுந்தான் நின்னு பாத்தேன் அவுக கல்லு போடுறத." அப்புறம் சிரித்தாள். "புத்தகத்துலயாச்சும் என்னியத் தூக்க விடுவியா?"

விளையாட்டாகக் கேட்டதுபோல்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் வரும்போது அது மட்டும்தான் காதில் நின்றது. வெம்பக்கோட்டையைத் தாண்டுவதற்குள் எனக்கு வழி தெரிந்துவிட்டது. பெட்டிக்குள் தங்கம் இல்லை. பாளையக்காரர் ஒளித்துவைத்தது பீரங்கிக்கான வெடிமருந்து. வழிகாட்டும் பெண் அதைத் தூக்குகிறாள். நண்பர்கள் இழு இழு என்று கத்துகிறார்கள், கேலி செய்கிறார்கள், அவள் கேட்பதாயில்லை. ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. வெளியே கொண்டுவந்து பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் எல்லாருக்கும் விளங்குகிறது. இழுத்திருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

அந்த அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினேன். எழுதி முடித்தபோது, இத்தனை வருசமாகக் காலண்டருக்குப் பின்னால் எழுதிய கையா இது என்று எனக்கே பெருமையாக இருந்தது. தம்பட்டம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, நன்றாக வந்திருந்தது. அண்ணனின் வாயால் வரவேண்டிய மன்னிப்பை நான் அவனுக்குப் பதிலாக எழுதிவிட்டதாக நினைத்தேன். அவன் படிப்பான், புரிந்துகொள்வான், அச்சங்குளம் போவான். அப்படித்தான் நம்பினேன்.

அண்ணன் என் வீட்டில் உட்கார்ந்துதான் படித்தான். கடைசிப் பக்கம் வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். திரும்பியபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

"பாப்பா, நான் கையில வச்சுக்கிட்டே கோட்டை விட்டுட்டேனே" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இப்பயும் ஒண்ணும் கெட்டுப்போகலண்ணே. ஒரு எட்டு போய்ப் பாரு" என்றேன்.

"போகணும். கண்டிப்பாப் போகணும்" என்றான்.

புத்தகம் ஆனி கடைசியில் வந்தது. அட்டையில் குகையும், இடிந்து விழும் பாறைகளும், பெட்டியை அணைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணும். எங்கள் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் அச்சங்குளத்துப் பெண் ஒருத்தியிடம் முதல் பிரதியை மதினிக்குக் கொடுத்தனுப்பினேன். ஆடி பிறந்து இரண்டாவது ஞாயிறு, நானும் அண்ணனும் அவன் பைக்கில் புறப்பட்டோம். சாத்தூரில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. மஞ்சள் சேலைகளுக்கு நடுவில் ஊர்ந்து ஊர்ந்துதான் போக முடிந்தது. மாரியம்மா, இன்றைக்கு மட்டும் என் அண்ணன் வாயில் நல்ல வார்த்தை வரட்டும் என்று வண்டியில் இருந்தபடியே கும்பிட்டுக்கொண்டேன்.

மதினி நல்ல சேலை கட்டியிருந்தாள். கோழிக்குழம்பு வைத்திருந்தாள். அவள் அம்மா எங்களை வாங்க என்று கேட்டுவிட்டு, வேண்டுமென்றே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். புத்தகம் அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சாப்பாடு பரிமாறும்போது மதினி அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

"மெலிஞ்சு போய்ட்டீக. அங்கன மாடிக்குத் தண்ணி ஒழுங்கா ஏறுதா இப்ப? இல்ல, முந்தி மாதிரி கீழருந்துதான் தூக்கணுமா?"

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வர நினைக்காதவள் எதற்குத் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறாள்? அண்ணனைப் பார்த்தேன். சொல்லேன், நீ வா, நான் தூக்குகிறேன் என்று சொல்லேன்.

"அது ஏறுது ஏறுது" என்றான். "இந்தா, புத்தகத்தப் படிச்சியா? க்ளைமாக்ஸ் எப்படி? சென்னைல அந்த ஆளுக்கு அனுப்பிட்டேன். ஆடிப் போய்ட்டான். இந்த க்ளைமாக்ஸ மட்டும் ரீஷூட் பண்ணிக் குடுங்க, மேல பேசுவோம்னு சொல்லிட்டான். ரெண்டே நாள். அதே கொகை, அதே பெட்டி. அன்னைக்கு எடுத்ததுல சத்தம் பூரா என் சத்தம், வெளிச்சமும் சரியில்ல. இல்லேன்னா அதையே வச்சிருக்கலாம். நீ ஒண்ணும் புதுசாச் செய்ய வேணாம். அன்னைக்குத் தூக்குன மாதிரியே தூக்கு. போதும்."

கரண்டி மதினி கையில் அப்படியே நின்றது. பிறகு குழம்பு ஊற்றினாள்.

"சீசன் டைமுங்க" என்றாள். "தீவாளி ஆர்டர் போய்க்கிட்டிருக்கு. லீவு தர மாட்டாக."

"தீவாளி கழிச்சுக்கூட வச்சுக்கலாம். அவசரமில்ல."

"பாப்போம்" என்றாள்.

நாலு எழுத்தில் முடித்துவிட்டாள். எனக்கு அந்த இலையை எடுத்து அண்ணன் மூஞ்சியில் அடிக்கலாம்போல் இருந்தது. ஒரு வார்த்தை. அன்றைக்கு உன்னைப் பேசியது தப்பு என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வைப்பதற்காகத்தானே அத்தனை பக்கம் எழுதினேன்? மன்னிப்பென்று நான் எழுதியதை அவன் க்ளைமாக்ஸ் என்று படித்திருக்கிறான். அன்று அவன் கண்ணில் வந்த தண்ணீர் மதினிக்காக வந்ததில்லை, கைவிட்டுப்போன காட்சிக்காக வந்தது. எனக்கு அது அங்கே, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் விளங்கியது.

சாப்பிட்டுக் கைகழுவியதும் அவனுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டான். நானும் மதினியும் மட்டும். இலைகளை எடுக்கக் குனிந்தேன். விடு என்று அவளே எடுத்தாள்.

"புத்தகம் நல்லாருக்கு தாயி. ரெண்டு தடவ படிச்சேன். அம்மாவுக்கும் வாசிச்சுக் காமிச்சேன். ஒண்ணே ஒண்ணுதான்."

"என்ன மதினி?"

"அவ பெட்டியத் தூக்கிட்டு வந்து எறக்கி வைக்கால்ல. எல்லாரும் பெட்டியத் தெறந்து பாக்காக. அவளப் பாராட்டுதாக, கும்புடுதாக. அம்புட்டுப் பேருல ஒருத்தராச்சும், ஒனக்குக் கை வலிக்கான்னு கேட்டிருக்கலாம்."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு காலண்டரில் பிழை காட்டுவதுபோல் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, இலைகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். புறப்படும்போது எனக்கு மட்டும் ஒரு தூக்குச்சட்டியில் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். அண்ணனிடம், "பாத்துப் போங்க, ரோட்டுல கூட்டமாருக்கும்" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். தீபாவளி கழிந்து எடுத்தால் வெளிச்சம் நன்றாக இருக்குமாம். ஐப்பசி மழையில் அணையில் தண்ணீர் வந்துவிட்டால் அதையும் ஒரு ஷாட் எடுக்கலாமாம். அவள் பார்ப்போம் என்று சொன்னதை இவன் வருகிறேன் என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். மறுபடி ஒரு தடவை முயற்சி செய்து பார்ப்போம் என்று எனக்குத் தோன்றியது. எழுதினால் புரியாதவனுக்குச் சொன்னாலாவது புரியும்.

அவன் காதருகே குனிந்து, காற்றுச் சத்தத்தில் கேட்கும்படி சொன்னேன். "அண்ணே, மதினி என்ன சொன்னாக தெரியுமா? அம்புட்டுக் கல்லத் தூக்கிட்டு வந்தவகிட்ட ஒருத்தராச்சும் கை வலிக்கான்னு கேட்டிருக்கலாம்னு சொன்னாக."

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நல்ல டயலாக் பாப்பா" என்றான். "ஹீரோ கேக்குற மாதிரி வச்சிருவோம்."

சாத்தூர் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். எதற்கு என்று கேட்டான். நான் தூக்குச்சட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.